காசநோய்: சென்னை உலகுக்குச் சொன்ன பாடம்



மின்சார ரயிலில் 'தாம்பரம் சானடோரியம்' நிலையத்தைக் கடந்திருப்பீர்கள். காசநோய் வந்தவரைக் குடும்பத்திலிருந்து பிரித்து, அப்படியோர் இடத்தில் மாதக்கணக்கில் வைப்பதே அன்றைய வழக்கம். ஏழைகளுக்கு அத்தனை படுக்கை ஏது?

1956-ல் சென்னையில் மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் ஆய்வு தொடங்கியது. ஒரு பிரிவினர் சானடோரியத்தில், மறு பிரிவினர் நெரிசலான தம் வீட்டில். இருவருக்கும் ஓராண்டு ஒரே மருந்து. பணியாளர்கள் சொல்லாமல் வீட்டுக்குப் போய் மருந்தை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். 1959-ல் முடிவு வெளிவந்தது: வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்தார்கள். அதனால் வீட்டாருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை.

இருமல் நின்றதும் மாத்திரையை நிறுத்துபவர்கள் இன்றும் உண்டு. பாதியில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளியைப் பரிசோதியுங்கள். நோயாளியை ஒதுக்காதீர்கள், மாத்திரையை ஞாபகப்படுத்துங்கள்.