கொடி எங்கே போனது? பச்சைத் திரையின் கதை



மீலாத் விழாவுக்காக எங்கள் பாடசாலையில் ஒரு வீடியோ செய்தோம். சுவரில் பச்சைத் துணியைக் கட்டி, பிள்ளைகளை அதற்கு முன்னால் நிறுத்தி எடுத்தோம். பிறகு எடிட்டிங்கில் பச்சையை நீக்கிவிட்டு, பள்ளிவாசல் படம் ஒன்றைப் பின்னால் போட்டோம். அவசரத்தில் சரியாகப் பார்க்காமலே குரூப்பிலும் போட்டுவிட்டோம்.

அன்றிரவு கத்தாரில் இருந்து ஒரு வாப்பா கேட்டார்: "சேர், மகன்ட கையில ஏன் வெறும் கம்பு?"

பிள்ளை பிடித்திருந்தது பச்சைக் கொடி. பின்னணியோடு சேர்ந்து கொடியும் போய்விட்டது. "அது ஆப்பில் ஒரு பிழை" என்று பதில் போட்டோம். பொய். பிழை எங்களுடையது.

மென்பொருளுக்குப் பின்னணி எது, பிள்ளை எது என்று தெரியாது. அதற்குத் தெரிவது நிறம் மட்டும்தான். இது கம்ப்யூட்டர் காலத்துச் சங்கதியும் அல்ல. 1933இல் வந்த 'தி இன்விசிபிள் மேன்' படத்தில் நடிகருக்குக் கறுப்பு வெல்வெட்டைச் சுற்றி, கறுப்புப் பின்னணிக்கு முன்னால் நிறுத்தினார்கள். சட்டை நடந்தது, ஆளைக் காணோம். எங்களுக்குப் பிழையாக வந்தது அவர்களுக்குத் தந்திரமாக இருந்தது!

வண்ணப் படம் வந்ததும் நீலத்துக்கு மாறினார்கள். 1940இல் வெளியான 'தி தீஃப் ஆஃப் பாக்தாத்' ஆயிரத்தொரு இரவுகள் பாணிக் கதை. மைசூர்ப் பக்கத்தில் பிறந்த சாபு அதில் திருட்டுப் பையனாக நடித்தார். போத்தலில் இருந்து வெளியே வரும் மலை போன்ற ஜின்னையும் அந்தச் சிறுவனையும் ஒரே காட்சியில் காட்ட வேண்டும். லாரி பட்லர் என்பவர் நீலத் திரையைப் பயன்படுத்தினார். மனிதத் தோலின் நிறத்துக்குத் தூரமான நிறம் நீலம் என்பதுதான் காரணம். அவருக்கு ஒஸ்கார் கிடைத்தது. ஆனாலும் உருவங்களின் ஓரத்தில் நீலக் கோடு தெரிந்தது. தலைமுடி, புகை, கண்ணாடி எல்லாம் பெரும் தலையிடி.

இதற்கு வழி கண்டவர் பெட்ரோ விளாஹோஸ் என்ற பொறியியலாளர். 1959இல் வந்த 'பென்-ஹர்' படத்துக்காக அவர் கண்ட வழி அடிப்படையில் ஒரு கழித்தல் கணக்கு. இன்றைய பச்சைத் திரைக்கு அதைச் சொன்னால் இப்படி வரும்: ஒவ்வொரு புள்ளியிலும் பச்சையின் அளவில் இருந்து, சிவப்பு, நீலம் இரண்டில் பெரியதைக் கழியுங்கள். வெள்ளையில் மூன்றும் சமம், விடை பூச்சியம், அந்தப் புள்ளி தப்பும். திரையில் விடை பெரிது, அது போகும். புகையிலும் முடி ஓரத்திலும் விடை இடையில் நிற்கும், அங்கே பாதி மட்டும் மறையும். தரம் 6 பிள்ளைக்கும் விளங்கும் கணக்கு. எங்கள் கொடியில் பச்சை 150, சிவப்பு 20, நீலம் 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். விடை 110. எப்படித் தப்பும்?

அதே விளாஹோஸ் இன்னொரு வழியும் செய்தார். நம் வீதிகளில் எரிந்த மஞ்சள் சோடியம் விளக்கைத் தெரியும்தானே? அந்த ஒளியால் திரையை நிரப்பி, கமராவுக்குள் ஒரு பட்டகத்தால் அந்த மஞ்சளை மட்டும் தனி பிலிமுக்குப் பிரித்தார். 1964இன் 'மேரி பாப்பின்ஸ்' அப்படி எடுக்கப்பட்டதுதான். தொப்பியின் மெல்லிய வலைத்துணி வழியாகக்கூடப் பின்னணி சுத்தமாகத் தெரியும்.

டிஜிட்டல் கமரா வந்தபின் பச்சை முன்னுக்கு வந்தது. பெரும்பாலான கமராக்களின் சென்சாரில் சிவப்புக்கும் நீலத்துக்கும் ஒவ்வொரு கண் என்றால் பச்சைக்கு இரண்டு. அதோடு நீல உடுப்பு உடுப்பவர்களும் அதிகம்.

இதை வாசித்த பிறகு நீலத் துணி வாங்கினோம். கொடி தப்பியது. பச்சைத் துணியின் ஒளி பட்டுப் பெண்பிள்ளைகளின் வெள்ளைப் பர்தா ஓரத்தில் படிந்திருந்த பச்சைச் சாயலும் இல்லை. ஆனால் ஆண்பிள்ளைகளின் யூனிபோம் நீலக் காற்சட்டை! அவர்களை இடுப்புக்கு மேல் மட்டும் எடுத்தோம்.

அந்த வாப்பாவுக்குப் புது வீடியோவை அனுப்பும்போது, முதல் தடவை பிழை ஆப்பில் இல்லை, எங்களில்தான் என்றும் எழுதினோம். "கொடி நல்லாத் தெரியுது சேர்" என்று மட்டும் பதில் வந்தது.