ஜாகுவார் எக்ஸ்கேஎஸ்எஸ்

லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்துக்கென்றே பிறந்த டி-டைப் காரைச் சாலைக்கு ஏற்ப மாற்றி, இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் 1957-இல் ஜாகுவார் நிறுவனம் கட்டிய இருவர் கார் இது. அந்த ஆண்டில் முடிந்தவை 16 மட்டுமே.

1955, 1956, 1957 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து லெ மான்ஸை வென்ற கார் டி-டைப். ஆனாலும் 1956 அக்டோபரில் ஜாகுவார் தன் சொந்த அணியைப் பந்தயத்திலிருந்து விலக்கிக்கொண்டபோது, 25 வண்டிகள் வாங்க ஆளின்றி நின்றன. விலைபோகாத நெல்லை அவலாக இடித்து விற்கிற கதைதான் அடுத்து நடந்தது.

டி-டைப்பில் ஓட்டுநரின் தலைக்குப் பின்னால் துடுப்பு போல ஒரு தகடு நிற்கும். நாகை அக்கரைப்பேட்டையில் வந்திறங்கும் சுறாவின் முதுகைப் பார்த்தவர்களுக்கு அதை விளக்க வேண்டாம். நீண்ட நேர்ச்சாலையில் வண்டி அலையாமல் காப்பது அதன் வேலை. அதை எடுத்தார்கள். இரு இருக்கைகளுக்கு நடுவே இருந்த தடுப்பை வெட்டி, பக்கத்தில் உட்காருபவருக்கும் ஒரு கதவு வைத்தார்கள். முழு அகலக் கண்ணாடி, மடக்குத் துணிக்கூரை, மெல்லிய பம்பர்கள் வந்தன. வால் பகுதியைப் பெட்ரோலும் மாற்றுச் சக்கரமும் பிடித்துக்கொண்டதால், பெட்டி வைக்க அதன் முதுகில் கம்பிச் சட்டம் பொருத்தினார்கள். புகைபோக்கி மட்டும் இடம் மாறவில்லை: இடப்பக்கக் கதவுக்கு நேர் கீழே. வேட்டி கட்டியவர் ஏறி இறங்குவது கொஞ்சம் சிரமம்தான்.

இயந்திரத்திலும் கைவைக்கவில்லை. 3,442 சிசி, ஆறு சிலிண்டர், மூன்று வெபர் கார்புரேட்டர், 250 குதிரைத்திறன். எடையோ ஏறக்குறைய 900 கிலோ. நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். அதே காலத்தில் இங்கே வந்த அம்பாசிடருக்கு நான்கிலும் டிரம் பிரேக்தான்.

1957 பிப்ரவரி 12 இரவு, பிரவுன்ஸ் லேன் தொழிற்சாலையில் தீப்பிடித்தது. மாற்றக் காத்திருந்தவற்றில் ஒன்பது எரிந்துபோயின.

மிஞ்சியவற்றில் பெரும்பாலானவை அமெரிக்காவுக்குப் போயின. நடிகர் ஸ்டீவ் மெக்குயின் ஒன்றை வாங்கிப் பச்சை வண்ணம் பூசினார், பிறகு விற்றார், மனம் கேட்காமல் 1977-இல் திரும்ப வாங்கி, 1980-இல் இறக்கும்வரை வைத்திருந்தார்.

2008-இல் ஜாகுவாரை டாடா மோட்டார்ஸ் வாங்கியது. டாடாவின் கீழ்தான், எரிந்த ஒன்பதுக்கு ஈடாக ஒன்பது புதிய எக்ஸ்கேஎஸ்எஸ் கார்களைக் கையால் கட்டப்போவதாக ஜாகுவார் 2016-இல் அறிவித்தது. விலை, ஒவ்வொன்றும் 10 லட்சம் பவுண்டுக்கு மேல்.