ஏலாக்குறிச்சியும் மணிலாவும்: சமயத் தொண்டர் இலக்கியத்தின் இரு நெறிகள்

பிற நாட்டுச் சமயத் தொண்டர் ஒரு மொழியுட் புகுந்து நூல் செய்யுங்கால், அவர் அம்மொழியைத் தம்வயப்படுத்துகின்றாரா, அம்மொழி அவரைத் தன்வயப்படுத்துகின்றதா என்னும் வினா இலக்கிய வரலாற்றில் ஆராய்தற்குரியது. தேம்பாவணியை அயலார் ஆக்கிய நூல் என ஒதுக்குவாரும் உளர். வீரமாமுனிவர்தம் தனித்திறனின் விளைவு எனப் போற்றி அமைவாரும் உளர். இவ்விரு கருத்தும் முழுமை உடையன அல்ல என்பது நம் துணிபு. அந்நூல் பிறந்த மண்ணின் அரசியல் நிலையும் கல்வி நிலையும் அதன் வடிவை உறுதி செய்தன. இதனைத் தெளிதற்கு, அதே காலத்தில் இசுபானியர் ஆட்சிக்கு உட்பட்டிருந்த பிலிப்பைன் தீவுகளின் இலக்கிய வரலாற்றை ஒப்பிட்டுக் காண்பாம்.

இசுபானியர் 1565இல் செபூத் தீவிற் காலூன்றினர். 1571இல் மணிலாவைத் தலைநகராக்கினர். 1898 வரை ஆண்டனர். ஆங்கு அரசும் சமயமும் ஒரு கையின் இரு விரல்கள்போல் இயங்கின. ஊர்தோறும் இருந்த குருமாரே அரசின் கண்ணும் செவியுமாயினர். அவர்கள் மக்களுக்கு இசுபானிய மொழியைக் கற்பிக்க முனைந்திலர். மக்கள் மொழிகளையே தாம் கற்றனர். 1593இல் மணிலாவில் அச்சான ஞானோபதேச நூல் இசுபானியத்திலும் தகாலோகு மொழியிலும் அமைந்தது. தகாலோகுப் பகுதி உரோமன் எழுத்தோடு பாய்பாயின் என்னும் நாட்டெழுத்திலும் பொறிக்கப்பட்டது. 1610இல் பிளாங்காசு தெ சான் ஓசே என்னும் துறவியின் தகாலோகு இலக்கணம் வெளிவந்தது. அதனை அச்சிட்டவர் தொமாசு பின்பின் என்னும் அந்நாட்டவர். அவரே அவ்வாண்டில் தம் மக்கள் இசுபானியம் கற்றற்கென ஒரு நூலும் இயற்றினார்.

இம்முயற்சிகளில் ஒரு பொதுத்தன்மை காணப்படும். கடவுள், தூய ஆவி, திருச்சபை முதலியவற்றைக் குறிக்கும் இசுபானியச் சொற்களைக் குருமார் மொழிபெயர்த்திலர். அவ்வாறே தகாலோகிற் புகுத்தினர். நாட்டுச் சொல்லைக் கொள்ளின் பழஞ்சமயப் பொருள் உடன்வரும் என அஞ்சினர். அதிகாரம் கையிலிருந்தமையால், புரியாத சொல்லையும் மக்கள் ஓதுமாறு செய்ய அவர்களால் இயன்றது.

இனித் தமிழகத்தை நோக்குவாம். பேராசிரியர் பலரும் அறிந்தவாறு, தமிழெழுத்தில் அச்சான முதல் நூலாகிய தம்பிரான் வணக்கம் 1578இல் கொல்லத்தில் அச்சாயிற்று. அதனை ஆக்கிய அண்டிரிக் அடிகளார் முத்துக்குளித்துறைப் பரதவரிடையே பணிபுரிந்தவர். அக்கடற்கரை போர்த்துகீசியரின் பாதுகாவலில் இருந்தது. அந்நூலிற் சமயக் கலைச்சொற்கள் பல போர்த்துகீசிய வடிவிலேயே தமிழெழுத்தில் நிற்கின்றன. முதன்முயற்சி என்பதும் இதற்கு ஒரு காரணமே. ஆயினும் மணிலாவில் நிகழ்ந்ததும் இக்கரையில் நிகழ்ந்ததும் ஒருபடித்தாதல் கருதத்தக்கது.

உள்நாட்டில் நிலை வேறு. இன்றைய அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடத்தின் வடபால் உள்ளது ஏலாக்குறிச்சி. வீரமாமுனிவர் அதற்கு இட்ட பெயர் திருக்காவலூர். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சை அரசின் ஒறுப்புக்கு அஞ்சிய கிறித்தவர் ஆற்றைக் கடந்து இவண் புகலடைந்தனர் என்பர். அடைக்கல மாதா என்னும் பெயரும் அந்நினைவைத் தாங்கி நிற்கின்றது. இப்பகுதி அரியலூர் மழவராயர் முதலிய பாளையக்காரரின் ஆட்சியில் இருந்தது. அரியலூர்த் தலைவர் ஒருவரின் நோயை முனிவர் நீக்கினார் என்றும், அதற்குக் கைம்மாறாக அவர் கோவிலுக்கு நிலம் ஈந்தார் என்றும் வழிவழிச் செய்தி வழங்குகின்றது. செய்தியின் உண்மை எவ்வாறாயினும், அஃது உணர்த்தும் உறவு தெளிவானது. இங்கே சமயத் தொண்டர் ஆள்பவர் அல்லர். அடைக்கலம் வேண்டி நிற்பவர்.

இத்தாலியில் 1680இல் பிறந்து, 1710இல் கோவாவை அடைந்த முனிவர், தமிழைப் புலவர்பாற் பாடங்கேட்டே கற்றார். சுப்பிரதீபக் கவிராயர் அவர்தம் ஆசிரியர் என மரபு கூறும். கட்டளையிடும் ஆற்றல் இல்லாதவர், கற்றோர் அவையின் ஏற்பைப் பெற்றே தம் சொல்லை நிலைபெறச் செய்தல் கூடும். ஆகவே, 1726இல் முற்றுப்பெற்ற தேம்பாவணி 3 காண்டமும் 36 படலமும் 3615 பாடலும் கொண்ட பெருங்காப்பியமாய் அமைந்தது. நாட்டுப் படலம், நகரப் படலம் என மரபுவழி தொடங்கியது. சூசை என்னும் பெயரின் எபிரேயப் பொருளை உணர்ந்து வளன் எனவும், யோவான் என்பதனைக் கருணையன் எனவும் தமிழாக்கினார். மணிலாவிற் பெயர்க்கப்படாது நின்றன சொற்கள். ஏலாக்குறிச்சியில் இயற்பெயரும் பெயர்க்கப்பட்டது! இத்துணைக்கும் அக்காப்பியத்தின் கதைமூலங்களுள் ஒன்று ஆகிரெதா நகர் மரியா என்னும் இசுபானியத் துறவினியின் நூலே ஆகும். ஐபீரிய நாடுகளிற் போற்றப்பெறும் கித்தேரியம்மாளின் வரலாறும் முனிவர் கையில் அம்மானையாயிற்று.

எழுத்து வரலாறு இதனினும் தெளிவான சான்றாகும். பாய்பாயின் இந்திய எழுத்துக் குடும்பத்தைச் சார்ந்தது. சொல்லிறுதி ஒற்றைக் குறிக்க அதில் வழியின்றி இருந்தது. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் லோப்பெசு என்னும் துறவி, நம் புள்ளியை ஒத்த பணிக்குச் சிலுவை வடிவக் குறியொன்றைப் புகுத்தினார். மக்கள் அதனை ஏற்றிலர். நாளடைவில் அவ்வெழுத்தே பெரும்பாலும் வழக்கொழிந்து, உரோமன் எழுத்து நிலைத்தது. வீரமாமுனிவர் எகர ஏகாரங்கட்கும் ஒகர ஓகாரங்கட்கும் செய்த வரிவடிவ வேறுபாடோ இன்றும் நம் எழுத்தில் உள்ளது. ஏட்டில் புள்ளி விடுபட்டமையால் நேர்ந்த மயக்கத்தை நீக்கிய திருத்தம் அது; இலக்கணம் வல்லார் ஒருவர், இலக்கணம் பயில்வார்க்குக் கூறியது.

தமிழுக்குத் தொன்மையான எழுத்திலக்கியம் உண்டு, பிலிப்பைன் இலக்கியம் பெரிதும் வாய்மொழியானது, அதனாலன்றோ இவ்வேறுபாடு எனின், அதுவும் உண்மையே. ஆயின் அஃது ஒன்றே காரணம் ஆகாது. மிந்தனாவோவில் இசுபானியர் முற்றும் அடக்கவியலாத மரனாவோ மக்களிடம் தரங்கென் என்னும் வாய்மொழிக் காப்பியம் இன்றும் வாழ்கின்றது. இராவணன் பெயர் தாங்கிய இராமகதை வடிவமும் உண்டு. வாய்மொழியாயினும், அதிகாரம் புகாத இடத்தில் மரபு நின்றது.

அடங்கிய இடத்தும் அம்மக்கள் வாளா இருந்திலர். கிறித்துவின் பாடுகளைக் கூறும் பசியோன் 1704இல் அக்கினோ தெ பெலென் என்பவரால் தகாலோகிற் பாடப்பெற்றது. அவ்வகை நூல்கள் நோன்புக் காலத்தில் மக்கள் கூடிப் பாடும் பாட்டாயின. 1838இல் பலக்தாசு என்னும் கவிஞர் அல்பேனிய நாட்டுக் கதையாகப் பாடிய புளோரந்தேயும் லௌராவும் என்னும் காப்பியத்தில், கொடுங்கோன்மை பற்றிய அரற்றலைத் தம் நாட்டின் குரலாகவே மக்கள் கேட்டனர். 1887இல் ஓசே ரிசால் இசுபானிய மொழியிலேயே புதினம் எழுதிக் குருமாரின் ஆதிக்கத்தைச் சாடினார். 1896 திசம்பர் 30இல் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆள்வோர் மொழி ஆளப்பட்டோர் கைக்கருவியாயிற்று.

கொள்ளிடக் கரையிலோ கருவி தொடக்கத்திலேயே தமிழர் கையில் இருந்தது. அக்கருவி சிற்றூர் ஆசிரியர் கற்பித்த இலக்கணக் கல்வியே. 19ஆம் நூற்றாண்டிலும் உ. வே. சாமிநாதையர் தம் இளமையில் இப்பகுதியின் அரியலூர், குன்னம் முதலிய ஊர்களிலேயே தமிழ் பயின்றார். பெரம்பலூரை அடுத்த செங்கணம் விருத்தாசல ரெட்டியாரிடம் காரிகை பாடங்கேட்டார். பேரரசின் துணையின்றி ஊர்தோறும் தொடர்ந்த இக்கல்வியே, அயலாரைப் புலவராக்கும் வலிமை பெற்றிருந்தது.

ஆதலின் தேம்பாவணியின் பெருமையில் முனிவர்க்கு உரிய பங்கு குறையாது. அவர்க்குத் தமிழ் உரைத்தோர்க்கும், ஏடெழுதியோர்க்கும், கேட்டு ஒப்பியோர்க்கும் உரிய பங்கு இன்னும் அளக்கப்படவில்லை. 19ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதி வரை அந்நூல் ஏட்டில் வாழ்ந்தது அவர்களாலன்றோ? ஏலாக்குறிச்சியைச் சூழ்ந்த ஊர்களின் ஏடுகளையும் கோவிற் குறிப்புகளையும் வாய்மொழிச் செய்திகளையும் தொகுத்து ஆராய்தல் இளம் ஆய்வாளரின் கடன் ஆகும். ஒரு மொழியைக் காப்பது அதன் பழமை மட்டும் அன்று. அதனைக் கற்பிக்கும் ஆசிரியர் ஊரில் இருத்தலே என்பதை அவ்வாய்வு மெய்ப்பிக்கும்.