முதல் உள்ளாடை (வளரும் சிறுமியர்)

பருவமடையும் காலத்தில் சிறுமியர் முதன்முதலாக அணியும் மார்புக் கச்சையும், அதே சமயத்தில் மாற வேண்டிய ஜட்டி வகைகளும் இங்கே பேசப்படுகின்றன. மார்பு வளர்ச்சி பெரும்பாலும் 8 முதல் 13 வயதுக்குள் தொடங்கும். தொட்டால் வலிக்கும் சிறு கட்டியாக, சில நேரம் ஒரு பக்கத்தில் மட்டும் முதலில் தெரியும். தாய்மார் பதறிப்போகிறார்கள், ஆனால் இது இயல்பானது, மறுபக்கமும் சில மாதங்களில் வளரும். அதற்குப் பின் ஏறக்குறைய இரண்டு, இரண்டரை ஆண்டுகளில் முதல் மாதவிடாய் வரும்.

எப்போது வாங்குவது என்பதை வயதோ வகுப்போ தீர்மானிப்பதில்லை. சட்டை உரசி எரிந்தாலோ, ஓடும்போது வலித்தாலோ, சீருடைத் துணி மெல்லிசாக இருப்பதால் பிள்ளை கூச்சப்பட்டாலோ வாங்கலாம். அவளே கேட்டால் அதுவே போதுமான காரணம். முதலில் முன்பக்கம் இரட்டைத் துணி வைத்த சிம்மீஸ், பிறகு தலைவழியாகப் போடும் பிகினர்ஸ் பிரா என்று படிப்படியாகப் போவது நல்லது. கொக்கி, கம்பி, பஞ்சு எதுவும் இந்த வயதுக்குத் தேவையில்லை.

இந்தியக் கடைகளில் 28, 30, 32 என்று இருப்பவை அங்குல அளவுகள். மார்புக்குச் சற்றுக் கீழே நாடாவைச் சுற்றி வீட்டிலேயே அளக்கலாம். போட்டுப் பார்க்கும்போது கீழ்ப்பட்டைக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும். கையைத் தூக்கினால் பட்டை மேலேறக் கூடாது. கழற்றியதும் தோலில் சிவந்த தடம் பதிந்திருந்தால் அளவு சிறிது. தாங்குவது பெரும்பாலும் அந்தப் பட்டைதான், தோள்வார் அல்ல. வளரும் உடம்பு என்பதால் சில மாதங்களுக்கு ஒருமுறை மறுபடி அளக்க வேண்டும். 'வளர்ந்தால் சரியாகிவிடும்' என்று பெரிதாக வாங்குவது வீண்.

நம் வெயிலுக்குப் பருத்திப் பின்னலாடைதான் ஏற்றது. வியர்வையை உறிஞ்சாத செயற்கை இழைகளால் அரிப்பு வரலாம். ஜட்டியில் நடுத்துண்டாவது பருத்தியாக இருக்க வேண்டும். நாப்கின் வைக்கும் அளவுக்கு அது அகலமாகவும் இருந்தால் பின்னால் உதவும்.

பல வீடுகளில் உள்ளாடைகளைத் துண்டுக்கு அடியில், காற்றுப்படாத மூலையில் காயவைக்கிறார்கள். ஈரம் போகாத துணியால் படை, அரிப்பு வரும். கூடவே தன் உடம்பு மறைக்க வேண்டியது என்ற எண்ணமும் பிள்ளை மனதில் ஏறிவிடும். வெயிலில் மற்றத் துணிகளோடு உலர்த்த வேண்டும்.

விளையாடும் பிள்ளைக்கு ஸ்போர்ட்ஸ் பிரா தேவைப்படும். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் 1977-இல் லிசா லின்டால், பாலி ஸ்மித், ஹிண்டா மில்லர் ஆகிய மூவர் உருவாக்கியது அது. ஆண்கள் விளையாடும்போது அணியும் உள்ளாடை இரண்டைச் சேர்த்துத் தைத்ததே அதன் முதல் வடிவம்.

இறுக்கமாகப் போட்டால் வளர்ச்சி அடங்கும் என்பது தவறு. இரவில் அணிய வேண்டிய கட்டாயமும் இல்லை.

8 வயதுக்கு முன்பே மார்பு வளரத் தொடங்கினாலும், 13 வயதாகியும் தொடங்காவிட்டாலும் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.