மைதான் வந்து சேர்ந்த வழி

ஜோலார்பேட்டை ஜங்ஷனில் பெங்களூர் வண்டிக்காகக் காத்திருந்தபோது, ‘மைதான்’ படத்தின் கடைசிப் பகுதியைப் போனில் இரண்டாம் முறையாக ஓடவிட்டிருந்தேன். பக்கத்துச் சிமெண்ட் பெஞ்சில் இருந்த பெரியவர் எட்டிப் பார்த்தார். ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்றவர்.

“எந்த மேட்சுப்பா இது?”

“1962 ஜகார்த்தா பைனல்ங்கய்யா. படமா எடுத்திருக்காங்க.”

“பி.கே. பானர்ஜி ஆடுனதா? அவரு நம்ம ரயில்வே ஆளாச்சே.”

அவர் சொன்னது சரிதான். மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்று பெரிய கிளப்புகள் இருந்த கல்கத்தாவில், பி.கே. பானர்ஜி கடைசிவரை ஈஸ்டர்ன் ரயில்வேக்கே ஆடினார். 1958இல் அந்த ரயில்வே அணி கல்கத்தா லீக்கையே வென்றது. ரயில்வே குடியிருப்பு உள்ள ஊர்க்காரர்களுக்கு அந்தப் பெயரோடு ஒரு சொந்தம் உண்டு.

1962 செப்டம்பர் 4. ஆசியப் போட்டிக் கால்பந்தின் கடைசி ஆட்டம். ஜகார்த்தாவின் செனாயன் அரங்கில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர். கிட்டத்தட்ட அத்தனை பேரும் இந்தியாவுக்கு எதிராகக் கத்துகிறார்கள். இஸ்ரேலையும் தைவானையும் அந்த ஆசியப் போட்டிக்குள் விடாததை இந்தியாவின் ஜி.டி. சோந்தி வெளிப்படையாகக் கண்டித்திருந்தார்; அந்தக் கோபம் ஆடவந்த பிள்ளைகள் மேல் திரும்பியது. எதிரணி தென்கொரியா. முதல் சுற்றில் இந்தியாவை 2-0 என்று வென்ற அதே அணி. தாய்லாந்தோடு ஆடியபோது ஜர்னைல் சிங்கின் மண்டை உடைந்திருந்தது. தையல் போட்ட தலையோடு இருந்த அந்தத் தடுப்பாட்டக்காரரைப் பயிற்சியாளர் எஸ்.ஏ. ரஹீம் முன்வரிசையில் நிறுத்தினார். காய்ச்சலில் கிடந்து தேறிய பீட்டர் தங்கராஜைக் கோலில் நிற்கச் சொன்னார். உயரமான கொரியர்கள் தலையால் முட்டும் பந்தைப் பறிக்க உயரமான ஆள் வேண்டும் என்பது அவர் கணக்கு. 17ஆவது நிமிடத்தில் பி.கே., 20ஆவது நிமிடத்தில் ஜர்னைல். கொரியா 85ஆவது நிமிடத்தில் ஒன்று போட்டது. 2-1. ஆசியப் போட்டிக் கால்பந்தில் இந்தியா அதற்குப் பிறகு தங்கம் வாங்கவே இல்லை.

இந்தத் தங்கராஜை நம் பக்கத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்? செகந்திராபாத்தில் வளர்ந்தவர். நீலகிரி வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமெண்ட் சென்டருக்கு ஆடினார். அந்த அணி 1955இலும் 1958இலும் டூரண்ட் கோப்பையை வென்றது. துளசிதாஸ் பலராமும் செகந்திராபாத் பக்கத்துத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. அருமைநாயகம், எத்திராஜ் என்ற பெயர்களும் அந்த ஜகார்த்தா அணிப் பட்டியலில் உண்டு. பள்ளியில் யாரும் இதைச் சொல்லித் தரவில்லை. இந்தப் பெயர்களை ஒரு இந்திப் படம் என்னைத் தேட வைத்தது என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

அந்தப் படம் திரைக்கு வந்து சேர்ந்ததும் லேசில் நடக்கவில்லை. ‘பதாயி ஹோ’ எடுத்த அமித் ரவீந்தர்நாத் சர்மா இயக்கம், நமக்கு ‘நேர்கொண்ட பார்வை’, ‘வலிமை’ வழியாகப் பழக்கமான போனி கபூர் தயாரிப்பு, ஏ.ஆர். ரஹ்மான் இசை. ரஹீமாக அஜய் தேவ்கன். ரஹீமின் மனைவியாக முதலில் கீர்த்தி சுரேஷ் நடிப்பதாக இருந்து, பிரியாமணி வந்தார். படப்பிடிப்பு தொடங்கியது 2019 ஆகஸ்டில். 2020 நவம்பரில் வெளியீடு என்றார்கள். அந்த மார்ச்சிலேயே ஊரடங்கு வந்தது. மும்பைக்கு வெளியே மைதானம் ஒன்றையே செட்டாகப் போட்டிருந்தார்கள். 2021 மே மாதம் டவ்தே புயல் அதை அடித்துச் சாய்த்தது. மறுபடி எழுப்பினார்கள். தேதி மேல் தேதியாகத் தள்ளிப்போய், 2024 ஏப்ரலில் ரம்ஜானை ஒட்டி ஒருவழியாக வெளியாகப் போகும் கடைசி நேரத்தில், கதை தன்னுடையது என்று ஒருவர் போட்ட வழக்கில் மைசூர் நீதிமன்றம் தடை விதித்தது. கர்நாடக உயர் நீதிமன்றம் அதை நீக்கிய பிறகே படம் மூச்சு விட்டது.

இந்தத் தாமதத்தைப் பட்ஜெட்டாக மட்டும் பார்க்க என்னால் முடியவில்லை. பி.கே. 2020 மார்ச்சில் இறந்தார். ஆறு வாரம்கூட ஆகவில்லை, அணித் தலைவர் சுனி கோஸ்வாமி போனார். 2021 மே மாதம், அந்தப் புயலுக்குச் சில நாள் முன்பு, அதே அணியில் ஆடிய கோவாக்காரர் பிராங்கோ. அதே ஆகஸ்டில் கேரளத்துச் சந்திரசேகரன். 2023 பிப்ரவரியில் பலராம். படம் சொன்ன தேதிக்கு வந்திருந்தால் பலராமாவது தன் பெயரைத் தாங்கிய ஒரு பையன் வெள்ளித்திரையில் பந்தை வெட்டி எடுத்துப் போவதைப் பார்த்திருப்பார். ரஹீமுக்கு இந்தக் கேள்வியே இல்லை. ஜகார்த்தாவில் இருந்து திரும்பி ஒரு வருடம் முடிவதற்குள், 1963 ஜூனில், புற்றுநோய் அவரைக் கொண்டுபோய்விட்டது.

படத்தில் குறை உண்டு. ரஹீமைக் கவிழ்க்க அலையும் அந்தப் பத்திரிகையாளரை இவ்வளவு கெட்டவராக்கி இருக்க வேண்டாம்; நடந்த கதையிலேயே போதிய முள் இருக்கிறது. வசூலும் கைகொடுக்கவில்லை. ஆனால் கடைசி ஆட்டத்தைப் படம்பிடித்த விதத்துக்குக் கும்பிடலாம். கேமரா ஆட்டக்காரனின் முழங்கால் உயரத்துக்கு இறங்கிக் கூடவே ஓடுகிறது.

எனக்கு இன்னும் நெருக்கமானது படத்தின் தொடக்கம். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் நம்மவர்கள் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்கிறார்கள். குளிரில், பலர் வெறுங்காலோடு. அந்தத் தோல்விக்குப் பிறகுதான் பூட்ஸ் கட்டாயமானது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று உலகத்தின் காலுக்குத் தோல் பதப்படுத்தித் தரும் பக்கத்தில் பிறந்தவனுக்கு அந்த வெறுங்கால் சும்மா ஒரு காட்சியாகக் கடந்து போகாது. ரயில்வே கிரவுண்டில் நாங்களும் வெறுங்காலில் ஆடியவர்கள். எங்களிடம் இருந்தது ஒரே தோல் பந்து. மழையில் நனைந்தால் தண்ணீரைக் குடித்துக் கல்லாகக் கனக்கும். தலையால் முட்டினால் தையல் நெற்றியில் பதியும். பிரிந்துபோனால் ஸ்டேஷன் ரோட்டில் செருப்புத் தைக்கும் தாத்தாவிடம் ஓடுவோம். பிளாடரை உருவி ஓரமாக வைப்பார். நூலில் மெழுகை இரண்டு இழுப்பு இழுப்பார். பழைய துளையிலேயே குத்தூசியை விடுவார், புதுத் துளை போட மாட்டார். “புது ஓட்ட போட்டா தோலு கிழியும்டா கண்ணு” என்பார். தைத்து முடித்ததும் காதோரம் வைத்து அமுக்கிக் கேட்பார். ஜகார்த்தாவில் ஜர்னைல் சிங் தையல் போட்ட தலையோடு ஓடி வரும்போதெல்லாம் எனக்கு அந்தத் தாத்தாவின் விரல்தான் ஞாபகம் வருகிறது.

படத்தின் பெயர்கூட நமக்கு அந்நியமில்லை. மைதானம் என்பது நம் சொல்லாகவே ஆகிவிட்டது. வாணியம்பாடி உருதுக்காரர் மைதான் என்பார். அதே மண்ணைத்தான் நாம் மைதானம் என்கிறோம்.

பெங்களூர் வண்டி வருவதாக அறிவிப்பு வந்தது. பெரியவர் எழவில்லை.

“பி.கே. இந்தப் படத்தப் பாத்தாரா?”

“இல்லீங்கய்யா. படம் வர்றதுக்கு நாலு வருசம் முன்னாடியே தவறிட்டாரு.”

கொஞ்ச நேரம் தண்டவாளத்தையே பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்து மாட்டிக்கொண்டு என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

“அந்த மொதல் கோலு எங்க வருது? அத இன்னொரு வாட்டி போடு.”