எல். இளையபெருமாள்: ஓர் அறிக்கையும் அதன் வழிவந்த சட்டங்களும்

காட்டுமன்னார்கோயிலில் 1924-இல் பிறந்து 2005-இல் மறைந்த எல். இளையபெருமாள், விடுதலைக்குப் பின் தமிழகத்திலிருந்து மக்களவைக்குச் சென்ற முதல் தலைமுறைத் தலித் உறுப்பினர்களுள் ஒருவர். காங்கிரஸ் சார்பில் 1952-இல் கடலூரிலும் 1957-இல் சிதம்பரத்திலும் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1967 வரை மூன்று மக்களவைகளில் இடம்பெற்றார். 1980-இல் எழும்பூரிலிருந்து சட்டமன்றம் சென்றார். பின்னர் இந்திய மனித உரிமைக் கட்சியைத் தொடங்கினார்.

இத்தனை ஆண்டுப் பதவிகளைவிட நீடித்து நிற்பது ஓர் அறிக்கை. தீண்டாமை குறித்தும் பட்டியல் சாதியினரின் கல்வி, பொருளாதார நிலை குறித்தும் ஆராய 1965-இல் ஒன்றிய அரசு அமைத்த குழுவுக்கு அவர் தலைவரானார். அறிக்கை 1969-இல் வெளிவந்தது.

அதன் விளைவுகள் இரண்டு. முதலாவது, 1955-ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டத்தின் திருத்தம். அச்சட்டத்தில் அபராதத்தோடு தப்பிக்கலாம். நீதிமன்ற அனுமதியுடன் சமரசமும் செய்துகொள்ளலாம். ஊர்க் கட்டுப்பாட்டுக்கு அஞ்சி வாழும் கூலித் தொழிலாளிக்குச் சமரசம் என்பது பெரும்பாலும் பணிவின் மறுபெயரே. 1976-இல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் எனப் பெயர் மாறியபோது சமரச வழி அடைக்கப்பட்டது. குறைந்தது ஒரு மாதச் சிறை கட்டாயமானது. விசாரணையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அரசு ஊழியர் குற்றத்துக்கு உடந்தையாகக் கருதப்படுவார் என்றும் சேர்க்கப்பட்டது.

இரண்டாவது, பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்க வேண்டும் என்ற பரிந்துரை. அதையொட்டித் தமிழக அரசு 1970-இல் அறநிலையச் சட்டத்தைத் திருத்தியது. 1972-இல் சேஷம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் அத்திருத்தத்தை ஏற்றது. ஆயினும் ஆகம விதிகள் பின்பற்றப்பட வேண்டும் என்றது. அந்த நிபந்தனையைச் சுற்றிய வழக்குகள் அதன்பின்னும் தொடர்ந்தன.

அறநிலையத் திருத்தம் தமிழக எல்லையோடு நின்றுவிடும். ஒன்றியச் சட்டமோ புதுச்சேரி ஆட்சிக்குட்பட்ட காரைக்காலுக்கும், இங்குள்ள வரிச்சிக்குடிக்கும் பொருந்தும். தேநீர்க் கடையிலோ கோயில் வாசலிலோ ஒருவர் தடுக்கப்பட்டால், புகாரைப் பெற்றுக்கொண்டு "பேசி முடித்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்பும் அதிகாரம் காவல் நிலையத்துக்கு இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4-ஆம் பிரிவும், பட்டியல் சாதியினரல்லாத அரசு ஊழியரின் கடமை தவறலைத் தண்டிக்கிறது. புகார் கொடுக்கச் செல்லும் தோழர்கள் இவற்றை எழுத்தில் குறிப்பிட்டே கொடுக்க வேண்டும். இளையபெருமாளின் நாடாளுமன்றப் பணி பயன்படுவது அந்த இடத்தில்தான்.