நான்காவது மாதிரி: சித்ரா இதய வால்வின் வரலாறு

நாடித்துடிப்பை எண்ணும் கைக்கடிகாரம், இரத்தச் சர்க்கரை அளவைக் கைப்பேசிக்கு அனுப்பும் உணரி போன்றவற்றை முன்வைத்தே மருத்துவத் தொழில்நுட்பத்தின் வருங்காலம் இன்று பேசப்படுகிறது. ஒரு கருவி எந்தக் கட்டத்தில் நோயாளிக்கான பராமரிப்பாக மாறுகிறது என்பது அப்பேச்சில் அரிதாகவே எழும் கேள்வி. திருவனந்தபுரத்தில் உருவான சித்ரா இதய வால்வின் வரலாறு அதற்கு ஒரு விடையைத் தருகிறது.

தொண்டைத் தொற்றுக்குப் பின் வரும் ருமாட்டிக் காய்ச்சல் இதய வால்வுகளைச் சிதைக்கக்கூடியது. இந்தியாவில் இதற்கு மிகுதியும் இரையானவர்கள் ஏழைக் குடும்பங்களின் சிறாரும் இளையோருமே. சிதைந்த வால்வை மாற்றும் அறுவை சிகிச்சையை இந்திய மருத்துவர்கள் அறிந்திருந்தனர். ஆனால், இறக்குமதி வால்வின் விலை பெரும்பாலான நோயாளிகளுக்கு எட்டாததாக இருந்தது.

1974இல் திருவனந்தபுரம் வந்த அறுவை மருத்துவர் எம்.எஸ். வலியத்தான், மருத்துவமனையும் பொறியியல் ஆய்வகமும் ஒரே நிர்வாகத்தின்கீழ் இயங்க வேண்டும் என எண்ணினார். 1980இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியே ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் தேசிய முக்கியத்துவம் பெற்றபோது அவ்வமைப்பு உறுதிப்பட்டது. பூஜப்புரையிலுள்ள சாட்டல்மாண்ட் அரண்மனை அதன் உயிர்மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவின் இடமாயிற்று.

பொறியாளர் ஜி.எஸ். புவனேஸ்வரும் அவருடைய குழுவினரும் வடிவமைத்தது, இரத்த ஓட்டத்திற்கேற்பச் சாய்ந்து திறந்து மூடும் வட்டு வால்வு. நிமிடத்திற்கு 70 துடிப்பு எனக் கொண்டால், அது ஓராண்டில் ஏறத்தாழ 3.7 கோடி முறை இயங்கவேண்டும். முதல் மாதிரியில் வட்டைத் தாங்கும் உலோகப் பகுதி, பற்றவைத்த இடத்தில் முறிந்தது. இரண்டாம் மாதிரியில் டைட்டானியம் தேய்ந்தது. மூன்றாம் மாதிரி ஆய்வகச் சோதனைகளைக் கடந்தது. எனினும் ஆட்டின் இதயத்தில் பொருத்தப்பட்டபின் அதன் நீலமணிக்கல் வட்டு உடைந்தது. கோபால்ட் உலோகக்கலவைச் சட்டகமும் உயர்தர பாலிஎத்திலீன் வட்டும் கொண்ட நான்காம் மாதிரியே நிலைத்தது. 1990 டிசம்பர் 6 அன்று அது முதன்முறையாக மனித இதயத்தில் பொருத்தப்பட்டது. பின்னர் சென்னையைச் சேர்ந்த டி.டி.கே. குழுமம் அதன் உற்பத்தியை ஏற்றது. இதுவரை ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்டோர்க்கு இவ்வால்வு பொருத்தப்பட்டுள்ளது.

இவ்வரலாற்றை உள்நாட்டுத் தொழில்நுட்பத்தின் வெற்றிக்கதையாக மட்டும் வாசிப்பது போதாது. மூன்று மாதிரிகள் தோற்ற பின்னரும் பணி தொடர்ந்ததற்கு, அத்தோல்விகளின் செலவைப் பொது நிறுவனம் ஒன்று ஏற்றுக்கொண்டது முதன்மைக் காரணம். விரைவில் விற்பனையை எதிர்பார்க்கும் முதலீடு இத்தனை ஆண்டுகள் காத்திருந்திருக்குமா என்பது ஐயமே.

மற்றொன்றும் கருதத்தக்கது. உலோக வால்வைப் பெற்றவர் இரத்தம் உறையாமலிருக்க வாழ்நாள் முழுதும் மருந்து உட்கொள்ள வேண்டும். குறித்த இடைவெளியில் இரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும். மருந்து குறைந்தால் வால்வில் இரத்தக்கட்டி உருவாகும். மிகுந்தால் இரத்தக்கசிவு நேரும். பரிசோதனை நிலையம் தொலைவிலுள்ள சிற்றூரில் வாழ்பவர்க்கு, குறைந்த விலையில் கிடைத்த வால்வும் அச்சத்திற்குரியதாகிவிடும். மேலும், தொண்டைத் தொற்றுக்கு உரிய காலத்தில் பெனிசிலின் கிடைத்திருந்தால் அவர்களுள் பலருக்கு வால்வே தேவைப்பட்டிராது.

இன்றைய திறன்மிகு கருவிகளுக்கும் இதே அளவுகோல் பொருந்தும். வீட்டிலிருந்தே இரத்தம் உறையும் தன்மையை அளந்து மருத்துவருக்கு அனுப்பும் சிறுகருவி, மேற்சொன்ன தொலைவை உண்மையாகவே குறைக்கக்கூடும். ஆனால், அனுப்பப்பட்ட எண்ணைப் படித்து மருந்தின் அளவை மாற்றிச் சொல்ல மறுமுனையில் ஒருவர் இருக்கவேண்டும். அந்த ஒருவரைப் பணியமர்த்தும் பொறுப்பு யாருடையது என்ற வினாவை, இத்துறையில் ஆய்வைத் தொடங்கும் மாணவர்கள் தங்கள் முதல் வினாக்களுள் ஒன்றாகக் கொள்வது நலம்.